விளையும், தரமாட்டோம்

“ஆசீர் தாங்கம்மா” என்று மரினெஸ் தன் ஞானத்தாயிடம் கை நீட்டினாள்.

“கடவுள் ஆசீர்வதிக்கட்டும். இன்னொரு கையில என்ன, அரிவாளா? படிச்ச புள்ள கூலிக்கு வந்துட்டியா?” என்றாள் வல்தெலிசி.

“நாளைக்குக் கம்பெனி எஞ்சினியர் வர்றாரும்மா. அதுக்குள்ள உங்க மரவள்ளித் தோட்டத்து வேலியை வெட்டிப் போட்டுருவோம்.”

“வேலி உன்னை என்ன பண்ணுச்சு?”

“அது காட்டாமணக்கும்மா. விதையில டீசல் எடுக்கக் கம்பெனி தேடுறதே அதைத்தான். இவ்வளவு செழிப்பா நிக்கிறதைப் பாத்தா மேய்ச்சல் காடு பூரா விளையும்னு முடிவு கட்டிருவாரு. அப்புறம் காட்டைச் சுத்திக் கம்பிதான்.”

“ஆடு வாய் வைக்காதுன்னு எங்கப்பா நட்டது. அதை வெட்டினா, எஞ்சினியருக்கு முன்னாடி ஆடு வந்து மரவள்ளியை முடிச்சிரும். அரிவாளை வச்சிட்டு காப்பி குடி.”

மரினெஸ் பெத்ரோலினா நகரத்தில் படித்தவள். எந்த மண்ணில் காட்டாமணக்கு வரும் என்று அந்தக் கம்பெனிக்காக மதிப்பிடும் வேலை. இந்த முறை அவள் மதிப்பிட வேண்டியிருந்தது சொந்த ஊர்க் காட்டை.

கராஇபா என்ற அந்த ஊரில் பயிருக்குத்தான் வேலி, ஆட்டுக்கு இல்லை. காடு எல்லோருக்கும் பொது. யாருடைய ஆடு என்பதைக் காதில் உள்ள வெட்டு சொல்லிவிடும். வல்தெலிசியின் கணவன் இறந்தபோது கொழுந்தன்மார் வந்து, “பொம்பளைக்குத் தனி வெட்டு எதுக்கு? எங்க ஆட்டோட சேத்துரு” என்றார்கள். வல்தெலிசி பட்டியில் உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரே, ஒவ்வொரு குட்டியின் காதிலும் அப்பா வீட்டு வெட்டைப் போட்டு, நுனியில் தனக்கென ஒரு பிளவும் வைத்தாள். அன்றிலிருந்து ஊரில் அது வல்தெலிசி வெட்டு.

மறுநாள் எஞ்சினியர் காட்டைச் சுற்றிப் பார்த்தார். “வேலியே இல்லை. சும்மா கிடக்கிற நிலம்” என்றார்.

“உங்க வீட்டு முன்கூடத்துலயும் வேலி இல்லையே ஐயா, சும்மாதானே கிடக்கு? என் ஆட்டை ஓட்டிட்டு வரட்டுமா?” என்று வல்தெலிசி கேட்டாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எஞ்சினியரும் சிரித்தார், ஆனால் அவர் கண் காட்டாமணக்கு வேலியை விட்டு அகலவில்லை. மண் பற்றிய முடிவை எழுதி அனுப்பும்படி மரினெஸிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

சாயங்காலம் வல்தெலிசி பால் கறந்துகொண்டிருந்தாள். மரினெஸ் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அடியில பாறை, நிலம் ஆகாதுன்னு எழுதிடறேம்மா. காடு தப்பிச்சிரும்.”

வல்தெலிசியின் கை நின்றது.

“பொய் சொல்லிக் காப்பாத்தணுமா அதை? ஆகாத நிலம்னு நீ எழுதினா, நாளைக்கு இன்னொருத்தன் குப்பை கொட்ட வருவான். கேட்டா உன் எழுத்தையே காட்டுவான்.”

“உள்ளதை எழுதினா பிடுங்கிக்குவாங்கம்மா.”

“வரட்டும், வந்து கேக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் செய் மகளே. நல்லா விளையும்னே எழுது. அதுக்குக் கீழயே, ஊர்க்காரங்க தரமாட்டாங்கன்னு எழுது. முதல் பேரா என் பேரைப் போடு.”