மூன்று மணி சைரன்

பயம் எனக்கு முதலில் வயிற்றில் வரும். மூளைக்குப் பிறகுதான் தகவல் போகும். கல்லூரிக் கடைசி வருடம், ஓசூரில் விழா ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் போன இரண்டு மாதமும் வயிறு ஓவர்டைம் பார்த்தது. அதை நடத்திவந்த மேடம் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இல்லாவிட்டால் கடைசித் தேர்வு எழுத முடியாது. மேடமோ, நாற்காலி வரிசை கோணலாக இருந்ததற்கே எனக்கு முன்னால் வந்தவனை வீட்டுக்கு அனுப்பியவர்.

கடைசி வாரம் ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜை விழா. "நிகழ்ச்சி நிரல நீயே போடுப்பா, பாக்கலாம்" என்றார் மேடம். போட்டேன், மூன்று நிறங்களில். இரண்டு மணிக்குக் குழந்தைகள் நடனம், இரண்டரைக்குப் பம்பை மேளம், சரியாக மூன்றுக்குச் சிறப்பு விருந்தினர் பேச்சு. மேடமும் சரி என்றுவிட்டார். அதை லேமினேஷன் செய்து கழுத்தில் வேறு தொங்கவிட்டுக்கொண்டேன், என்னவோ விழாவே என்னுடையது போல.

விழா அன்று மதியம் கேன்டீனில் என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார். அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர்.

"மூணு மணிக்குப் பேச்சா? யாருகிட்டப் பேசுவாரு, சேருகிட்டயா?"

"ஏங்க்கா?"

"மூணுக்கு ஷிப்ட் முடியற சைரன் அடிக்கும். அடிச்சா நாங்க எந்திரிச்சுப் பஸ்ஸுக்குப் போயிருவோம்."

"இன்னைக்கு நாலு மணி வரைக்கும் பஸ் நிக்கும்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களேக்கா."

"போன வருசமுந்தான் ஒட்டுனாங்க. வண்டி போயிருச்சு. கெலமங்கலம் வரைக்கும் என்ன நீயா தூக்கிட்டுப் போவ?"

சாம்பார் சாதத்தை அப்படியே விட்டேன். விருந்தினர் வாயைத் திறக்கிறார், சைரன் ஊளையிடுகிறது, மொத்தக் கூட்டமும் டிபன் பையோடு எழுந்து போகிறது, மேடம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வை வரை கற்பனை செய்து முடித்தபோது நான் கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஆட்டோமேட்டிக்ப்பா அது. நிறுத்தணும்னா பெரிய சார் கையெழுத்து வேணும்" என்றார் செக்யூரிட்டி. பெரிய சாரும் மேடமும் விருந்தினரை அழைத்துவரப் போயிருந்தார்கள். மேடத்தை போனில் கூப்பிடலாம்தான். பெயரைத் தொட விரல் போனது. வயிறு வேண்டாம் என்றது.

மேடைக்குப் பின்னால் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பம்பைக் குழு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ரெண்டரைக்கு வேண்டாம். மூணுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி ஆரம்பிங்க. சைரன் யாரு காதுலயும் விழக் கூடாது."

குழுவின் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தாளையே அழைக்கறவங்க நாங்க. ஒரு சைரன அமுக்க மாட்டமா? நீ ஏன் தம்பி இப்புடி நடுங்கற? அடிக்கறதுக்கு முன்னாலயே உனக்குச் சாமி வந்துருச்சா?"

இடையில் கிடந்த அரைமணி நேரத்துக்குக் குழந்தைகளை அதே நடனத்தை மறுபடி ஆடச் சொன்னேன். "இதத்தான் ஆடிட்டோமே" என்று ஒரு பிள்ளை மைக்கிலேயே சொல்லிவிட்டது.

இரண்டு ஐம்பத்தைந்துக்குப் பம்பை முழங்கியது. அதே நேரம் விருந்தினரோடு மேடம் உள்ளே வந்தார். என் அட்டைப்படி அதற்குள் பம்பை முடிந்து மேடை காலியாக இருக்க வேண்டும். அவர் கண் மேடைக்குப் போய், பிறகு என்னைத் தேடியது. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆறடி ஆள் நான், பெட்டி நாலடி.

மூன்று மணி. சைரன் சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனாலும் முதல் வரிசையில் கேன்டீன் அக்கா எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். பின்னால் பத்துப் பேர், பிறகு ஒரு வரிசை முழுக்க. அவர்களுக்கு மணி தெரிய சைரன் தேவைப்படவில்லை. எத்தனை வருடப் பழக்கம்! நான் பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே பாய்ந்தேன். மூத்தவரைப் பார்த்து இரண்டு கையையும் வீசி, "கீழ எறங்குங்கண்ணா!" என்று கத்தினேன். என்ன புரிந்துகொண்டாரோ, குழுவோடு இறங்கி, பஸ்ஸுக்குப் போகும் வழியை அடைத்து நின்று அடித்தார். எழுந்தவர்களால் போக முடியவில்லை. அக்கா ஒரு நொடி முறைத்தார். அடுத்த நொடி, தோளில் பையோடு ஆடத் தொடங்கினார்.

விருந்தினரும் கைதட்டினார். அடி நின்றபோது மூன்றேகால். மூச்சு வாங்கியபடி எட்டிப் பார்த்தவர்களுக்கு பஸ்கள் நிஜமாகவே நிற்பது தெரிந்தது, உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சை நாற்காலிகள் அல்ல, ஆட்கள்தான் கேட்டார்கள்.

மறுநாள் மேடம் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமல் கேட்டார்: "நிரல யாரு மாத்துனது?"

"நான்தான் மேடம். சைரன் இருக்குன்னு தெரியாமப் போட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"சாப்பிடறப்ப. ஒன்றரை மணிக்கு."

"சைரன் இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றார் மேடம். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே 'குறைகள்' என்றொரு கட்டம் உண்டு. கொஞ்சம் யோசித்து எழுதினார்: "எல்லோருக்கும் முன்பே பயந்துவிடுகிறார்."