சேற்றில் வழுக்கிய டிராக்டர்

எங்கள் மலையிலுள்ள கோலா தெர்லா என்ற ஊரில் ஓடாத டிராக்டர் ஒன்று விலைக்கு வந்தது. என் தங்கையும் மாப்பிள்ளையும் தங்கள் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு அதை வாங்க நினைத்தார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் அதற்கே போய்விடும். "அண்ணன் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பணம்," என்று தங்கை சொல்லிவிட்டாள். தேயிலைத் தோட்டத்தில் நான் டிராக்டர் ஓட்டுகிறவன். ஓட்டுவதில் சிரமமில்லை, புதியவர்களிடம் வாய் திறப்பதுதான் எனக்குச் சிரமம்.

விற்பவர் எங்களைவிட மூத்தவர், பூத்தோட்டக்காரர். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். டயர்கள் நன்றாக இருந்தன. எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால் டீ நிறத்தில் இருக்கும், இது கறுப்பாகவே இருந்தது. எஞ்சின் இறுகிக் கிடக்கிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி. இறுகியிருந்தால் அது இரும்புக்கடைச் சரக்கு.

பேட்டரி இல்லை. இல்லாவிட்டால் என்ன, எங்கள் மலையில் சரிவுக்கா பஞ்சம்? கியரைப் போட்டு உருட்டிவிட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். இறுகியிருந்தால் சக்கரம் நின்றுவிடும். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நாங்கள் மண்பாதையில் தள்ளினோம். அவர் கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் நின்றுபோயின. வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு தார் ரோட்டு ஓரம்வரை போனது.

விற்பவர் முகம் வாடிவிட்டது. "சரிலா தம்பி, பாதி விலைக்கு எடுத்துக்குங்க."

மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "பேசாம இருங்க மச்சான், அதிர்ஷ்டம் அடிக்குது!"

நான் பாதையைப் பார்த்தேன். முதல்நாள் மழையில் சேறாகக் கிடந்தது. அதில் நல்ல எஞ்சின் உள்ள வண்டியும் சக்கரத்துக்குப் பிடிப்பில்லாமல் வழுக்கத்தான் செய்யும். ஆனால் உண்மையிலேயே இறுகியிருந்தால் அந்தப் பாதி விலையும் வீண். எதுவென்று தெரியாமல் தங்கையிடம் எப்படிச் சரி என்பது?

"அண்ணே... சேறா இருக்கு. தார் ரோட்டுல ஒருக்கா விட்டுப் பாப்போம்," என்றேன்.

விற்பவர் ஓடிப்போய் நடுரோட்டில் நின்று காய்கறி லோரிகளை மறித்தார். "என்னண்ணே, டிராக்டருக்கு ஊர்வலமா?" என்று ஒரு டிரைவர் கத்தினார். தள்ளினோம். இந்த முறை கிளட்சை விட்டதும் விசிறி சுழன்றது. குழாயிலிருந்து குபுக்கென்று புகை வந்தது.

"பாதி விலைன்னு நான் சொன்னத மறந்துருங்க தம்பி!" என்று விற்பவர் சிரித்தார்.

"வருசக்கணக்கா வாயே திறக்காத மனுசன்," என்றார் மாப்பிள்ளை என்னிடம், "இன்னிக்குப் பாத்துத்தான் திறக்கணுமா?"

இழுபறிக்குப் பிறகு முழு விலைக்குக் கொஞ்சம் கீழே பேசி முடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை என்மேல் புகார் வாசித்தார். தங்கை அவரைக் கவனிக்கவே இல்லை.

"எஞ்சின் சுத்துச்சா அண்ணே?"

"சுத்துச்சு."

அவள் அலமாரியைத் திறந்து, பணம் இருந்த பையை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.