மௌனிகா சொன்ன ‘இல்ல’

பங்காருபாளையத்தைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் அங்கன்வாடியில் கலைவாணி டீச்சருக்கு இது ஒன்பதாவது வருஷம். காக்கா, கரடி, கோபத்தில் இருக்கும் சூப்பர்வைசர் மேடம் என்று எல்லாக் குரலும் அவர் தொண்டையில் குடியிருக்கும். உதவிக்கு இருக்கும் வெங்கடம்மா தெலுங்குக்காரர். தமிழ் தனக்குப் பாதி தெரியும் என்பார். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது.

நாலு வயது மௌனிகா நாலு நாளாகப் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. முட்டையில் பாதியைக் கவுன் பையில் ஒளித்தாள். ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த கலைவாணி, விசாரிக்கச் சொல்லி வெங்கடம்மாவை அனுப்பினார்.

“அம்மா எக்கட, பாப்பா?”

“இல்ல.”

தெலுங்கில் ‘எக்கட’ என்றால் எங்கே, ‘இல்லு’ என்றால் வீடு. “அம்மா வீட்லயே உந்தி... இருக்குது, டீச்சர்” என்று வெங்கடம்மா செய்தி வாசித்துவிட்டார். கலைவாணியும் நம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா தனசேகர் வந்தான்.

“நாளைலேர்ந்து புள்ளய அனுப்பல டீச்சர். தோப்புக்குக் கூட்டிக்கினு போறேன்.”

“ஏம்பா? அம்மாதான் வீட்ல இருக்குதே?”

“எங்க இருக்குது? திருப்பதி ஆஸ்பத்திரியில கெடக்குது. ரெண்டாவது புள்ள முன்னாடியே பொறந்து, கண்ணாடிப் பொட்டில வச்சிக்கினு இருக்கறாங்க. நான் ஆறு மணிக்கே காய் பறிக்கப் போவணும். உங்க கதவு ஒம்போதுக்குத்தான தெறக்குது?”

கலைவாணிக்குச் சுருக்கென்றது; குழந்தை தமிழில்தான் ‘இல்ல’ என்றிருக்கிறாள். மௌனிகாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கரடிக் குரலில் கேட்டார்: “முட்ட யாருக்கு ஒளிச்சி வச்சிக்கினுகீற? எனக்கா?”

“ஒனக்கில்ல. தம்பிப் பாப்பாக்கு.”

தனசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“தோப்புல ஏணியும் மருந்தடிக்கிற டிரம்மும். அங்க இவள யாருப்பா பாப்பாங்க? காலையில யார் வீட்லனா வுட்டுட்டுப் போயேன்” என்றார் கலைவாணி.

“அடுத்தவங்க வாசல்ல புள்ளய வுட்டுட்டுப் போற ஆளு நான் இல்ல டீச்சர்.”

“மிஸ்டர் தனசேகர்!” சூப்பர்வைசர் மேடம் கலைவாணியின் தொண்டைக்குள்ளிருந்து கிளம்பினார். “ரோஷத்துக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் லேது, கிடையாது!”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடைவெளியில் வெங்கடம்மா நுழைந்தார்.

“தப்பு நாதி, என்னுதுதான், அண்ணா. பாப்பா செப்பினது எனக்குப் புரியல. மா இல்லு உங்க பக்கத்து வீதி. ஆறு மணிக்கு வுட்டுட்டுப் போ. ஒம்போது வரைக்கும் பாப்பா எனக்குத் தமிழ் நேர்ப்பிக்கட்டும். டீச்சருக்கு ஏது பொறுமை?”

“அப்ப எம்பொண்ணு ஒங்களுக்கு வாத்தியாரா?” தனசேகர் மகளைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே வெங்கடம்மாவின் புடவையைப் பிடித்திருந்தாள். “சரி. அடிக்காம சொல்லிக்குடுடி.”

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தோப்புப் பாதையில் மௌனிகாவின் சத்தம் கேட்டது.

“‘வந்துக்கினு இருக்கறேன்’ சொல்லு.”

“வச்சிக்கினு இருக்கறேன்.”

“ஐயோ, வச்சி இல்ல, வந்து! இன்னொரு வாட்டி!”

கலைவாணி கதவை அகலத் திறந்து வைத்தார்.