தண்ணீர் தராதவள்

என் அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் படுக்கவைக்கும் வார்டில் அவள் ஆயா. அந்த வார்டில் ஆயாவுக்கு முக்கால்வாசி வேலை தண்ணீர் தராமல் இருப்பதுதான். குடலைத் தைத்துப் போட்ட ஆளுக்கு, குடல் மறுபடி அசையத் தொடங்கும்வரை ஒரு மடக்குகூட உள்ளே போகக் கூடாது. அவர்களோ மயக்கம் பாதி தெளிந்ததும் கேட்பது அது ஒன்றைத்தான். கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்பார்கள். ஓர் ஆசாமி அவள் கையைக் கடித்தே விட்டார். அக்கா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். பூட்டு என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

நோயாளிகளைக்கூடச் சமாளித்துவிடலாம், பாசக்காரச் சொந்தங்களைத்தான் சமாளிக்க முடியாது என்பாள். முந்தானைக்குள், பழக்கூடைக்குள், ஒருமுறை குழந்தையின் பால்புட்டியில் என்று தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அவள் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்ப்பாள். குணமாகிக் கிளம்புகிறவர்கள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், நர்ஸைக் கும்பிடுவார்கள், பூட்டக்காவைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரிப்பாள்.

நான் குழாய் வேலை செய்கிறவன். ஊருக்கெல்லாம் தண்ணீர் வரவழைப்பது என் பிழைப்பு, வந்த தண்ணீரைத் தடுப்பது அவள் பிழைப்பு. எனக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும். யாரும் கவலைப்படாததால் அது வந்தபடியே போய்விடும்.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், பேக்கரியில் ரொட்டி அடுப்புக்காரர். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்று வேகிற வேலை. காலடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கும். செம்பு கிம்பெல்லாம் கிடையாது, குடத்தையே தூக்கி அண்ணாந்து குடிப்பார். "மாப்ள, எனக்குன்னு தனியா ஒரு பைப் இழுத்துக் குடுடா" என்று என்னைக் கேலி செய்வார். அந்த மனுஷனுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் போயின.

ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். சிறுநீர் பிரியாத உடம்பில், உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். முதலில் காலில் நிற்கும், பிறகு நுரையீரலில் நிற்கும், அப்புறம் மூச்சு நிற்கும். அதனால் நாள் முழுவதற்கும் ஒரு சின்ன டம்ளர் தண்ணீர்தான். டீயும் அதில்தான் சேர்த்தி, கஞ்சியும் அதில்தான் சேர்த்தி. வேறு சிறுநீரகம் கிடைத்துப் பொருத்தும்வரை இப்படியே ஓட்ட வேண்டும் என்றார்கள். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை இவரைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் பொறுப்பு என்று முடிவு கட்டினாள். பகலெல்லாம் ஊராருக்குத் தண்ணீர் மறுத்துவிட்டு வந்து, மாலையில் புருஷனுக்கு மறுத்தாள்.

மச்சான் திட்டுவார். பிறகு கொஞ்சுவார். "உனக்கு அல்லாஹ் நெஞ்சுல ஈரமே வைக்கலடி" என்பார். நோன்பு மாதம் வந்தால் மட்டும் மனுஷன் முகத்தில் ஒரு தெளிச்சி தெரியும். தெருவே நாக்கு வறண்டு கிடக்கும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம், "எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்.

அக்கா தொழுது முடித்து ஏந்திய கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். "யா மானிஃ" என்று அவள் முணுமுணுப்பதை ஒருநாள் கேட்டுவிட்டேன். அல்லாஹ்வின் பெயர்களில் அதுவும் ஒன்று. தடுப்பவன் என்று பொருள்.

"ஏன்க்கா, கேக்கறவங்கள்லாம் கொடுக்கிறவனேன்னு சொல்லிக் கேப்பாங்க. நீ என்ன, தராதவனேன்னு கூப்பிட்டுக் கேக்கறே? அப்புறம் எப்படி விளங்கும்?"

"ரெண்டும் அவன்தானே?" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பள்ளிவாசல்ல வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் நடந்துச்சு. இமாம் பேசினதை ஸ்பீக்கர்ல கேட்டேன். அல்லாஹ் ஒருத்தனை நேசிச்சான்னா, நோயாளிக்குத் தண்ணி தராமப் பாத்துக்கற மாதிரி, உலகத்தைத் தராமப் பாத்துக்குவான்னு நபிகள் நாயகம் சொல்லியிருக்காங்களாம். கையில இருந்த பஞ்சுக் கிண்ணத்தை அப்படியே கீழ வெச்சுட்டேன்டா. நம்ம வேலையை எடுத்துல்ல சொல்லியிருக்காங்க!" என்றாள்.

பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி அவள் முகம் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் கேட்டு இல்லையென்று ஆனவற்றின் பட்டியல் எனக்குத் தெரியும். பிள்ளை கேட்டாள், இல்லை. தன் சிறுநீரகத்தையே கணவனுக்குக் கொடுக்கப் போனாள், உனக்கே சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை நேசம் எனக்கு வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதற்கிடையில் மச்சானுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. அதுவரை ஜும்ஆவுக்கு மட்டும் தலைகாட்டுகிற ஆள், ஐந்து வேளையும் தொழத் தொடங்கினார். ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் புதிதாக ஒளு செய்தார். தொழுகைக்காகக் கையும் வாயும் முகமும் காலும் கழுவிச் சுத்தமாவதுதான் ஒளு. முறிந்தால் மறுபடி செய்தால் போதும். இவரோ முறியாமலே செய்தார். தும்மினால் ஒளு, பூனை குறுக்கே போனால் ஒளு. அக்கா பூரித்துப்போனாள். நோய் கொடுத்து அல்லாஹ் இவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எடை ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, "நீங்களே இப்படித் தண்ணி குடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். பூட்டக்காவைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி! அன்று மச்சான் ஒளு செய்யும்போது கதவிடுக்கில் நின்று பார்த்தாள். வாய் கொப்பளிக்கிற தண்ணீர் போவதுதான் தெரிந்தது, வருவது தெரியவில்லை.

அவள் கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ஊருக்கெல்லாம் குழாய் போடுகிற நான், என் அக்கா வீட்டுக் குளியலறைக் குழாயின் திருகைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் ஆகாத நோயாளிக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. சுத்தமான மண்ணைக் கையால் தட்டி முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டால் போதும், தொழலாம். ஒரு தட்டில் மண்ணைப் பரப்பி மச்சான் முன்னால் வைத்தாள். அவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கறப்பவே மண்ணுதானாடி எனக்கு?" என்றார்.

அக்கா அடுப்படிக்குப் போனாள். அங்கே சுவரைப் பார்த்து நின்று அழுதாள். நான் அதைப் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

ஐந்து வேளைத் தொழுகை ஜும்ஆவுக்குச் சுருங்கியது. அந்த வெள்ளிக்கிழமை மச்சான் தனியாகவே நடந்து பள்ளிவாசலுக்குப் போனார். பாவம், அதையும் தடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அங்கே ஒளு செய்கிற தொட்டி பெரியது. ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள், பாவம் வெயிலில் வந்த மனுஷன் என்று இடம் விட்டு நகர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விபத்தில் மூளை செயலிழந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, பொருந்துகிறது, உடனே வாருங்கள் என்று. அக்கா ஒரு செருப்போடு தெருவுக்கு ஓடிவந்தாள். ஆட்டோவில் அவள் மச்சானின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மச்சானுக்கு மூச்சு இளைத்தது. சந்தோஷத்தில் இளைக்கிறது என்று நாங்கள் நினைத்தோம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போய்விட்டார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். இந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே போய்விடுவார் என்றார். தண்ணீரை இறக்கி நுரையீரல் தெளிய ஒரு நாளாவது ஆகும், எடுத்த சிறுநீரகம் அதுவரை காத்திருக்காது. வரிசையில் அடுத்து இருந்தவரை உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்?

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அக்காவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இப்பச் சொல்லு. அல்லாஹ் தன் பள்ளிவாசல் தண்ணியை வெச்சே கெடுத்துட்டானே, இதுல என்ன நேசம் இருக்கு? நீ தண்ணி தரலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. தையல் பிரிஞ்சிடும்னு சொல்லுவே. அவன் காரணம் சொன்னானா?"

"நானும் எல்லார்கிட்டயும் காரணம் சொல்லிட்டுத்தாண்டா இருக்கேன்" என்றாள். "ஒவ்வொரு கட்டில்லயும் குனிஞ்சு காதுல சொல்றேன். மயக்கம் தெளியாதவங்க காதுல அது ஏறறதில்ல. தெளிஞ்சப்புறம் யாரும் கேக்கறதில்ல."

"அப்ப நாம எல்லாம் மயக்கத்துல கிடக்கோமா?"

"எனக்குத் தெரியல. எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியல. நான் ஒருத்தருக்கும் வெறுத்துப்போய்த் தண்ணி தராம இருந்ததில்ல. அது ஒண்ணுதான் தெரியும். அதை வெச்சுத்தான் அவனைப் பத்தி நினைச்சுக்கறேன். அதையும் பிடுங்கிடாதே."

நான் வார்டுக்குத் திரும்பி நடந்தேன். சமாதானமாகவில்லை, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மச்சான் ஒரு சொட்டுகூடத் திருடவில்லை. அக்கா டம்ளரில் அளந்து தருவதிலும் மிச்சம் வைத்தார். திட்டுவதையும் நிறுத்திவிட்டார், அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது. இன்னொரு சிறுநீரகம் வரும் என்று அக்கா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள், குளிக்கப் போனாலும் வாசலில் என்னை உட்காரவைத்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். போன் வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மச்சானின் இதயம் தளர்ந்துவிட்டது. மெஷினில் போட்டால் ரத்த அழுத்தம் விழுந்தது, நிறுத்தினால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள்.

ஒரு நாள் காலை டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இனிமே மெஷின்ல போட வேண்டாம்மா. அவர் உடம்பு தாங்காது. மூச்சுக்கு மருந்து குடுத்துக்கிட்டே இருப்போம். கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். அவர் என்ன கேட்டாலும் குடுங்க. தண்ணியும்தான், வேணுங்கற மட்டும் குடிக்கட்டும்."

அக்கா தலையை ஆட்டினாள். அந்த வார்டு வேலையில் அவள் இந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். எந்தக் கட்டிலுக்கு அதைச் சொல்வார்கள் என்றும் தெரியும். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒருவரைக் கைவிடுவது என்றால் அவருக்கு ஒன்றும் தராமல் விடுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். இங்கே கேட்டதையெல்லாம் கொடுத்துக் கைவிட்டார்கள்.

அவள் போய் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு தளும்பத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். மச்சான் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க."

"முழுசுமா?"

"முழுசும்."

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். உதடு வெடித்துக் காய்ந்துபோயிருந்தது, நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டார். கை மட்டும் நீளவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாரா?" என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள்.

"வேண்டாம். கொண்டு போயிடு." மூச்சு வாங்கினார். "நான் கேக்கறேன். நீ எப்பவும் போலத் தர மாட்டேன்னு சொல்லு."

அக்கா டம்ளரை என்னிடம் நீட்டினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு" என்றார் மச்சான்.

"தர மாட்டேன்."

"ஒரு மடக்கு."

"ஒரு சொட்டுகூடத் தர மாட்டேன்."

"கல் நெஞ்சுக்காரி" என்றார். அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு நிம்மதி தெரிந்தது. அக்கா பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். போகப் போகக் குரல் போய் உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் பதில் சொன்னாள். இடையிடையே குனிந்து, உயிர் பிரிகிற நேரத்தில் சொல்லும் கலிமாவை அவர் காதில் சொன்னாள்.

மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் அவர் கேட்பதை நிறுத்தினார். நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள். அக்கா பஞ்சோடு குனிந்தே இருந்தாள். "தர மாட்டேங்க" என்று இன்னும் ஒரு தடவை சொன்னாள்.