பேர் வெட்டும் கருத்தையாவின் படம்

நியூஸ் ரீல் முடிந்து பெரிய படத்தின் முதல் எழுத்து திரையில் விழும்போது, கருத்தையா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மற்றவர்கள் சோடாவும் கடலையுமாக உள்ளே நுழைகிற நேரம் அது. தரை டிக்கெட் வாங்கிப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ரசிகர், எனக்குத் தெரிந்து, காரைக்குடியில் இவர் ஒருவர்தான். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் ஆரம்பத்தில் "என்னண்ணே, படம் பிடிக்கலையா?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். "பிடிச்சுச்சே. நம்ம படம் முடிஞ்சிருச்சு" என்பது பதில். நம்ம படம் என்றால், நியூஸ் ரீலோடு சேர்த்து அரசாங்கம் காட்டுகிற கார்ட்டூன் துண்டு. சிறுசேமிப்போ அம்மை ஊசியோ, எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கட்டும். வரைந்த பொம்மை எழுந்து நடக்க வேண்டும், அவருக்கு அது போதும்.

தொழில் பாத்திரத்தில் பேர் வெட்டுவது. பாத்திரக் கடைத் தெருவில் ஒரு கடையின் படியோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு புளியமரக் கட்டை, கையில் சின்னச் சுத்தியல், பக்கத்தில் நான்கு உளிகள். எவர்சில்வர் தூக்கோ பித்தளை அண்டாவோ கட்டையில் ஏறினால், புள்ளி புள்ளியாக எழுத்து விழ ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்துக் கல்யாணச் சீரில் பாத்திரம் எத்தனை என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அத்தனையிலும் அந்த வீட்டு விலாசம், அதாவது பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள், இருந்தாக வேண்டும். ஒரு வீட்டு விசேஷத்துக்கு நாலு வீட்டு அண்டா போகும். விசேஷம் முடிந்ததும் அவரவர் பேரைப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காமல் யாருக்கும் ஒரு எழுத்துக்கூட வெட்டமாட்டார். "வாயால சொன்னா நான் ஒண்ணு நெனைப்பேன், நீங்க ஒண்ணு நெனைப்பீக. எழுதிக் குடுங்க" என்பார், பெரிய வீட்டுக் காரில் வந்து இறங்கியவர்களிடமும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் டம்ளரைத் திருப்பிப் பார்ப்பார். "இது வலையபட்டி வீட்டு டம்ளரு. 'சி'யன்னாவுக்கு வால் நீட்டிட்டேன் அன்னைக்கு" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுவார். பக்கத்து இலைக்காரருக்கு அப்போது அப்பளம்தான் முக்கியம்.

நான் இங்கே கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் கசங்கிய ஒரு தாளை நீவி என் மேஜைமேல் வைத்து, "சார், இது என்னன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். பாத்திரம் சுற்றி வந்த தாள், பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்தது. படத்தில் மலையாகக் குவிந்து கிடந்தன தோல் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் பெயர்கள். கீழே இருந்ததை வாசித்தேன். ஐரோப்பாவில் ஹிட்லரின் ஆட்கள் யூதக் குடும்பங்களைக் குழந்தைகுட்டிகளோடு ரயிலேற்றி முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெட்டியில் பேரைப் பெரிதாக எழுதுங்கள், பிற்பாடு கைக்கு வந்து சேரும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெட்டிகள் மிஞ்சின. எழுதியவர்களைக் கொன்றுவிட்டார்கள்.

நான் வாசித்து முடித்ததும் கருத்தையா தாளைத் தன் பக்கம் திருப்பினார். குவியலின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். அதன்மேல் இன்னொரு பெட்டி விழுந்து பேரை மறைத்திருந்தது. பிறந்த வருஷம் மட்டும் தெரிந்தது, 1934. "நானும் முப்பத்தி நாலுதான் சார்" என்றார்.

அவருக்குப் பத்து வயதில் நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். பள்ளத்தூரில் இருந்த மாமன் வீட்டுக்கு, யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் தனியாகப் போனாராம். அம்மா சீடை போட்டுக் கொடுத்த தூக்குச்சட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். அடி விழுந்தது. மூன்று மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அந்தத் தூக்கோடு வீட்டு வாசலில் நின்றாராம். "பேரு வெட்டியிருந்துச்சு, வந்துருச்சு. அதப் பாத்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அந்தப் புள்ளைககிட்டயும் அதையே சொல்லியிருக்கான் பாருங்க சார். வரும்னு சொல்லி எழுத வச்சிருக்கான்." அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுவாரம் வந்து, அந்தப் புள்ளைகளைப் பற்றிப் பத்து நிமிஷக் கார்ட்டூன் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சிரித்துவிட்டேன்.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தியேட்டர் ஆபரேட்டர் கோட்டைச்சாமியிடம் அறுந்துபோன ஃபிலிம் துண்டுகளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு கட்டம் ஓடுகிறது என்று கோட்டைச்சாமி சொன்னார். கார்ட்டூனில் மட்டும் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் ஒன்றுபோல இருப்பதை இவரே கண்டுபிடித்தார். "அப்ப பன்னெண்டு படம் இருந்தா ஒரு செகண்டு ஓடும் சார்." வரையத் தெரியாது. தெரிந்தது புள்ளி அடிப்பது. அதனால் அச்சகத்தில் மிச்சம் விழுந்த கெட்டித் தாளில் ஊசி உளியால் புள்ளி புள்ளியாகத் துளை போட்டார். தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி வெளிச்சப் புள்ளிகளாக நின்றாள். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

தாள் நகராமல் இருக்கக் கட்டையில் இரண்டு ஆணி அடித்து அதில் தாள்களை மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு தாளை மொத்தமாக மாட்டி அடித்தால் உளி கடைசித் தாள்வரை இறங்கும். படத்தில் அசையாமல் இருப்பதை அப்படி ஒரே அடியில் முடித்துவிடுவார். அசைகிறதை ஒவ்வொரு தாளாகத் தனியே அடிப்பார். "ஒரு கட்டு ஒரு செகண்டு. பொட்டி அசையாது, ஒரு வெட்டு. புள்ளை அசையும், பன்னெண்டு வெட்டு." சினிமாக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்களோ, எனக்குத் தெரியாது. இவர் தானாகத்தான் கண்டுபிடித்தார்.

படத்தில் விழுகிற பனி அவர் மனைவி அக்கம்மாளின் இலாகா. கோணி ஊசியால் குத்துவார். பனி விழுவதை இரண்டு பேருமே பார்த்ததில்லை. முதல் தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒம் பனி கோலப்புள்ளி வச்சாப்புல வரிசை கட்டி நிக்குது" என்றார் கருத்தையா. "வரிசையா விழுந்தா என்னவாம்? அங்குட்டு எல்லாரையுமே வரிசையாத்தானே நிப்பாட்டுனாகன்னு நீங்கதானே சொன்னீக" என்று அக்கம்மாள் கேட்டார். அந்தப் பனி அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

சிறுமியின் தாயார் பெட்டியில் சாமான் அடுக்கும் இடத்தில் தின்பண்டம் வைத்தே தீருவேன் என்று கருத்தையா நின்றார். என்ன வைத்தார்கள் என்று நான் நூலகத்தில் தேடிப் பார்த்த புத்தகத்தில் இல்லையே என்றேன். "புள்ளையப் பயணம் அனுப்புற தாயி திங்க ஒண்ணும் வைக்காம அனுப்புவாளா சார்?" என்றார். ரொட்டி என்று சமரசம் செய்தோம். அவர் அடித்த ரொட்டி அதிரசம்போலத்தான் இருக்கிறது.

பெட்டியில் பெயர் மட்டும் போடவில்லை. ஏதாவது அந்த ஊர்ப் பெயரை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "சீட்டு யாரு குடுக்கணுமோ அவுக குடுக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு, 1934 என்று வருஷத்தை மட்டும் அடித்தார்.

தன் மகளின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்ட வந்த சிட்டாள் ஆச்சிக்கு இந்த விஷயம் தெரிந்து, "ஏப்பா கருத்தையா, முருகன் கதை, வள்ளி கதையெல்லாம் இருக்க, யாரோ வெள்ளைக்காரப் புள்ளைக கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். கருத்தையா சுத்தியலை நிறுத்தாமலே கேட்டார்: "ஆச்சி, ஒங்க பெரிய அண்டா நாட்டரசன்கோட்டைக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்துச்சே, எப்படி வந்துச்சு?"

"நல்லாக் கேட்ட. பேரு இருக்குல்ல?"

"அந்தப் புள்ளைகளும் பேரு எழுதுனதுக ஆச்சி."

ஆச்சி பாத்திரங்களை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சம்புடங்களைக் கொண்டுவந்தபோது, "அந்தப் புள்ளை பொட்டிக்குள்ள என்ன வச்சிருந்துச்சாம்?" என்று மெல்லக் கேட்டார். "ரொட்டி ஆச்சி" என்றார் கருத்தையா. ஆச்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

பம்பாயில் கார்ட்டூன் படம் தயாரிக்கிற இடத்துக்கு அவருக்காக நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. கதைச் சுருக்கத்தையும் ஒரு காட்சிக்கான படங்களையும் மார்ச் 31-க்குள் அனுப்பினால் பரிசீலிப்போம் என்று இரண்டு வரி. அந்தக் கடிதத்தை அக்கம்மாள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரிடமும், "பம்பாய்லேருந்து வரச் சொல்லியிருக்காக" என்றார் கருத்தையா. வரச் சொல்லவில்லை, அனுப்பத்தான் சொன்னார்கள் என்று நான் திருத்தவில்லை. முகத்தில் அத்தனை பிரகாசம்.

ரயில் நிலையக் காட்சியைத் தேர்ந்தெடுத்தோம். சிறுமி பெட்டியைக் கீழே வைக்கிறாள். அதன்மேல் உட்கார்ந்து காலாட்டுகிறாள். யாரோ கூப்பிடுகிறார்கள். பெட்டியை அங்கேயே வைக்கச் சொல்கிறார்கள். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ரயிலை நோக்கி நடக்கிறாள். இந்த இருபது விநாடிக்கு இருநூற்று நாற்பது தாள். பகலெல்லாம் பாத்திரம், சாயங்காலம் தாள் என்று இரண்டு மாதம் ஆனது. அவள் காலாட்டுகிற கட்டு சரியாக வந்த அன்றைக்குத் தெருவில் போன என்னைக் கைதட்டிக் கூப்பிட்டுக் காட்டினார். படத்தில் அவள் போன பிறகு பத்து விநாடி பெட்டி மட்டும். ஆள் இல்லை, பனியும் நின்றுவிடுகிறது. அத்துடன் காட்சி முடிகிறது.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் கழனிவாசலில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்திருக்கும், பார்சல் கட்டி விலாசம் எழுதிவிட்டு வரலாம் என்று சணல் கயிறுகூட வாங்கிப் போயிருந்தேன். ஆணியில் பன்னிரண்டு வெள்ளைத் தாள் மாட்டியபடி இருந்தது. பக்கத்தில் இன்னும் ஒன்பது கட்டு. எதிலும் ஒரு துளை இல்லை.

"மூணு நாளா இப்படித்தான் உக்காந்திருக்காக" என்றார் அக்கம்மாள்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "பெட்டி மட்டும்தானே? அசையாததுதானே? பத்துக் கட்டு, ஒரே நாளில் அடித்துவிடலாமே" என்றேன்.

"ஆமா சார். ஒரே நாளுதான். அதான் கை வர மாட்டேங்குது. அந்தப் புள்ளை நடந்து வர ரெண்டு மாசம் ஆச்சு எனக்கு. அது இல்லாமப் போறதுக்கு ஒரு நாள் போதும்ங்குது இந்தக் கட்டை. மொத்தமா மாட்டி மொத்தமா அடின்னா, அவனுக செஞ்ச வேலை மாதிரியில்ல இருக்கு."

கணக்குப் போட்ட வாய் வெட்கப்பட்டது. தனித்தனியாக அடித்தால் நூற்றிருபது தாள், இன்னும் இரண்டு வாரமாவது ஆகும், தேதி தாண்டிவிடும் என்று மட்டும் சொன்னேன். மூன்று வருஷ ஆசைக்குக் கிடைத்திருந்த தேதி அது.

"தாமசமாகும்னு நீங்க ஒரு லெட்டரு போடுங்க சார்" என்றார் அக்கம்மாள், கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "வாங்கிக்கிட்டா வாங்கிக்கிறாக. இல்லாட்டி இந்த ஜன்னல்ல பாத்துக்கிறோம்."

கருத்தையா சிரித்தார். பல நாள் பாரம் இறங்கியதுபோல ஒரு நல்ல சிரிப்பு. ஆணியிலிருந்து தாள்களைக் கழற்றினார். பதினோரு தாளை அக்கம்மாளின் மடியில் வைத்தார். ஒரே ஒரு தாளை ஆணியில் மாட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டு, ஊசி உளியை எடுத்துப் பெட்டியின் முதல் புள்ளியை அடித்தார்.