அவருக்குக் கேட்காத குருவி

1991 தை மாதம், பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்துப் போட்டுவிட்டு நானும் என் கணவரும் வேளாங்கண்ணிக்குப் போனோம். கல்யாணமாகி ஆறு வருஷம். பென்னலூரில் வாடகை வீடு. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். நாள் முழுக்க இரும்புத் தகடுகளை அடித்து வண்டிப் பாகங்களாக்கும் இடம். மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இவர் மனசு என் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

ஒரு வருஷமாகவே அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எதையாவது கேட்டால் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் வந்து எதிரில் உட்கார்ந்தால் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, பார்த்த களைப்பு என்று முதலில் நினைத்தேன். பிறகு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். முடிவு செய்த பிறகு அதற்கான சாட்சி தினமும் கிடைத்தது.

நாங்கள் தங்கிய விடுதியில் ஒருவர், கோடியக்கரைக்குப் போனால் மான் கூட்டம் பார்க்கலாம் என்றார்.

"இன்னும் ஒரு நாள் லீவு கீதே, போலாமா?" என்று அவரே கேட்டது எனக்கு ஆச்சரியம்.

வேதாரண்யத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். வழிகாட்ட வனக் காவலர் ஒருவர் கூட வந்தார். புல்வெளி கடல் வரைக்கும் மட்டமாகக் கிடந்தது. முறுக்கிய கொம்போடு ஒரு கரிய வெளிமான் நின்றதை முதலில் பார்த்தவர் என் கணவர்தான். "தோ பாரு" என்று கையைக் காட்டினார். அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் பெண் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

அதைத் தாண்டிப் புதர்க்காடு. காவலர் நின்று, உதட்டில் விரல் வைத்தார்.

"தேன்சிட்டு. கேக்குதா?"

ஊசி குத்துவதுபோல் மெல்லிய, கூர்மையான குரல். எங்களுக்கு நேரே தாழ்ந்த கிளையில்தான் உட்கார்ந்திருந்தது.

"இன்னா கேக்குதா?" என்றார் என் கணவர். "ஒண்ணும் கேக்கலியே."

பறவையின் அலகு திறந்து மூடுவதையே பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. சட்டென்று முன்னால் நடந்தார். பத்தடி பின்னாலிருந்து நான் கூப்பிட்டேன். மூன்று தடவை. திரும்பவில்லை.

"சாருக்குக் காது மந்தமாம்மா?" என்று காவலர் தணிந்த குரலில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து கூப்பிட்ட நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

ஓடிப்போய் அவர் எதிரில் நின்றேன். "எவ்ளோ நாளா இப்படி?"

என் வாயையே பார்த்தபடி சொன்னார். "போன வருசத்துலருந்து. மிசின் சத்தம் மண்டைக்குள்ளயே ஓடினுகீது. ஆம்பளைங்க எதிர்ல பேசினா புரியுது. உன் குரலுதான் வர மாட்டேங்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கம்பெனில தெரிஞ்சா மிசின் வேலைலருந்து எடுத்துடுவாங்க. அப்புறம்... நீயும்தான் பேசறத வுட்டுட்டியே."

கூப்பிட்டால் அவர் ஏன் திரும்பவில்லை என்று நான் விசாரித்ததே இல்லை. கோபித்துக்கொண்டதோடு சரி.

காவலர் எங்களைச் சதுப்பு ஓரம் கூட்டிப்போனார். தூரத்துத் தண்ணீரில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு. அத்தனையும் பூநாரைகள். எதற்கோ மிரண்டு மொத்தமாக எழும்பி, கழுத்தும் காலும் நீட்டி எங்கள் தலைக்கு மேலேயே பறந்தன. வாத்துக் கூட்டம் போலக் கனத்த, கரகரத்த சத்தம்.

"இது கேக்குது" என்றார் அவர். அண்ணாந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

ஊர் திரும்பியதும் சென்னையில் டாக்டரிடம் காட்டினோம். மிஷின் சத்தத்தில் முதலில் மெல்லிய, கூர்மையான குரல்கள்தான் கேட்காமல் போகும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். என் கணவரே சூப்பர்வைசரிடம் சொல்லி, சில மாதத்தில் சத்தமில்லாத ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டார். ஓ.டி. பணம் போயிற்று. நான் குரலைத் தாழ்த்தி, முகத்துக்கு நேராகப் பேசக் கற்றுக்கொண்டேன். மறந்துபோய் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. சண்டை போடுவதானாலும் அவர் எதிரில் போய் நின்றுதான் போட வேண்டியிருந்தது. அப்படி நின்ற பல தடவை சண்டை பாதியிலேயே நின்றுவிட்டது.