சிஸ்டரின் லாரிக்கு ஒரு மெதுவான சர்வோ

முத்தியால்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு பெரிய துணிப்பையோடு காலாப்பட்டு பஸ் ஏறிவிடுவார். பைக்குள் ரிமோட்டில் ஓடும் லாரி இருக்கும். ஓய்வுபெறும்போது கூட வேலை பார்த்தவர்கள் குத்துவிளக்கு வாங்கித் தரலாம் என்றிருந்தார்களாம். இவர்தான் விளக்கு வேண்டாம், லாரி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடற்கரை மணலில் அதை ஓட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் தினமும் வந்து ஊசி போட்டவர் அவர். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்தித் தேடிய நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிடுவார். அவர் வரும் நேரத்துக்கு அம்மா வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

போன வருடம் ஒருநாள் லாரியோடு கடைக்கு வந்தார்.

"தம்பி, முன்சக்கரம் ரெண்டும் சும்மா சும்மா ஆடுது. நேரா ஓட மாட்டேங்குது, பாரேன்."

சக்கரங்களைத் திருப்புவது சர்வோ என்கிற தீப்பெட்டி அளவு மோட்டார். நான் ரிமோட்டை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். லாரி நூல் பிடித்த மாதிரி போயிற்று. "இப்ப நீங்க ஓட்டுங்க சிஸ்டர்" என்று கொடுத்தேன். அவர் விரல் பட்டதும் சக்கரங்கள் நடுங்கின. அப்போதுதான் அவர் வலது கை நடுங்குவதைப் பார்த்தேன்.

"சர்வோ தேஞ்சுபோச்சு சிஸ்டர், மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே மூக்குக்கண்ணாடியோடு வந்து, என் போனில் புது சர்வோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் பிடித்தது டிஜிட்டல் சர்வோ. உலோகப் பல்சக்கரம் வைத்தது. கண் இமைக்கும் முன் திரும்பிவிடுமாம். எனக்கோ வேறு கணக்கு. பழைய மாதிரி சர்வோ ஒன்று உண்டு. மெதுவாகத் திரும்பும். ரிமோட்டில் சின்னச் சின்ன அசைவை அது கண்டுகொள்ளாது. அதுதான் இவருக்குச் சரி. ஆனால் ஏன் என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டையும் வரவழைக்கிறேன், மாட்டிப் பாத்துட்டு எடுத்துக்குங்க" என்றேன்.

வந்ததும் அவர் கேட்டபடி டிஜிட்டலைத்தான் முதலில் மாட்டினேன். பெரிய தப்பு. ரிமோட்டைத் தொட்டதும் அது கிர்ர் கிர்ர் என்று கத்தியது. விரலின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அப்படியே சக்கரத்தில் காட்டியது. சிஸ்டர் ரிமோட்டைச் சட்டென்று மேசைமேல் வைத்துவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் குனிந்தபடியே அதைக் கழற்றிவிட்டு மெதுவானதை மாட்டினேன். அதன் பல், லாரியில் சக்கரத்தைத் திருப்பும் சின்ன பிளாஸ்டிக் கைக்குச் சரியாகப் பொருந்தாமல் அரை மணி நேரம் படுத்தியது. அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிறு நானே வண்டியில் அவரைக் காலாப்பட்டுக்கு அழைத்துப் போனேன். ஈரமணலில் லாரி கொஞ்சம்கூட ஆடாமல் ஓடியது. கட்டுமரத்தைச் சுற்றி வந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சிஸ்டர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார்.

மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"லாரியில மொதல்ல இருந்த சர்வோ நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் மணலைக் கிளறினேன்.

"முப்பது வருஷமா, ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்லி ஊசி போட்டவ தம்பி நான். எவன் எப்ப பொய் சொல்றான்னு எனக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

"எதுக்கு? நல்லாத்தான் சொன்ன." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த நடுக்கம் ஆறு மாசமா இருக்கு. டாக்டர்கிட்ட போகவே பயமா இருக்கு. யாருக்கெல்லாமோ தொணையா போயிருக்கேன். எனக்குன்னு வரும்போது காலு வரமாட்டேங்குது" என்றார்.

"நான் வரேன்."

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டுக் கூடப் போனேன். டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொன்னார், கோடு போட வைத்தார், நடக்கச் சொன்னார். பயந்த மாதிரி பெரிய வியாதி இல்லை, வயதோடு சிலருக்கு வரும் நடுக்கம்தான், மாத்திரையில் குறையும் என்றார். படியிறங்கும்போது சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது. அவர் அதை ஒளிக்கவில்லை.

திரும்பும் வழியில், நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, என் வீட்டுக்கும் சேர்த்து வஞ்சிரம் மீன் வாங்கினார்.